ஆறு மணி நோட்டு

குடியை விட்டு இரண்டு வாரம் ஆனவரிடம் ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்து, "வாழ்க்கையில நன்றி சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதுங்க" என்றால் பெரும்பாலும் எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சலில் நியாயமும் உண்டு. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு தட்டிவிடுகிறது. சோறு வாய்க்கு ருசிக்கவில்லை. இதில் யாருக்கு, எதற்கு நன்றி?

இருந்தும் குடிநோய் மறுவாழ்வு மையங்களிலும், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களிலும் இந்தப் பயிற்சியை விடாமல் வைத்திருக்கிறார்கள். சரியாகச் செய்தால் பலன் உண்டு. தப்பாகச் செய்தால் வெறும் நேர விரயம் என்று விட்டுவிட முடியாது. சிலரை அது திரும்பக் கடை வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தும். அதனால் எப்போது தொடங்குவது, எதை எழுதுவது, எதை எழுதக்கூடாது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம்.

தினமும் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் வாரத்துக்குத் தேவை மருத்துவர்தான், நோட்டு அல்ல. கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, உடம்பு உதறி, காய்ச்சலடிக்கும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும், நடுக்கத்தை அடக்கும் மாத்திரைகளும் மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டியவை. "மன உறுதி இருந்தா போதும்" என்று வீட்டு அறையில் பூட்டி வைப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

உடம்பு ஓரளவு தேறியபிறகு வருவது வேறொரு சிக்கல். வருடக்கணக்கில் குடித்த மூளைக்குச் சாதாரண சந்தோஷங்கள் உறைப்பதில்லை. மது டோபமைன் என்ற மூளை ரசாயனத்தை அளவுக்கு மீறித் தூண்டித் தூண்டி, அந்த அளவே மூளைக்குப் பழகிப்போயிருக்கும். பிள்ளையின் சிரிப்பு, சூடான டீ, நல்ல மழை எதுவும் மனதில் பதியாது. இது குணக்கேடு இல்லை, நோயின் மிச்சம். வாரங்களில் கொஞ்சம், மாதங்களில் கொஞ்சமாகத்தான் சரியாகும். இந்த நிலையில் இருப்பவரிடம் "நன்றியை உணருங்கள்" என்று சொன்னால், "எனக்கு ஒண்ணுமே தோணலையே, நான் மனுஷனே இல்லையோ" என்று இன்னும் ஒடுங்கிப்போவார். எனவே இந்தப் பயிற்சியில் எதையும் உணர வேண்டிய கட்டாயம் கிடையாது. கவனித்ததை எழுதினால் போதும். உணர்ச்சி வரும்போது வரட்டும். குடியை விட்டு ஒரு மாதம் தாண்டியும் மனம் இருண்டே கிடந்தாலோ, செத்துவிடலாம் என்று தோன்றினாலோ அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், எழுதி எழுதித் தீர்க்கக் கூடாது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், ஒரு குழுவை வாரம் ஒருமுறை நன்றிக்குரிய ஐந்து விஷயங்கள் வரை எழுதச் சொன்னார்கள். இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது. பத்து வாரம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவினர் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக மதிப்பிட்டார்கள். 2005இல் மார்ட்டின் செலிக்மன் குழு, அன்றன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரு வாரம் எழுதவைத்தது. ஆறு மாதம் வரை பலன் தெரிந்தது. இவையெல்லாம் பொதுமக்களிடம் செய்தவை. குடிநோயாளிகளிடம் பார்த்தபோது ஒரு திருகல் வெளிப்பட்டது. ஏமி கிரென்ட்ஸ்மன் 2017இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்குப்பின் குடிக்காமல் இருந்தவர்களுக்கு நன்றியுணர்வு அதிகமாக இருந்தால் அடுத்து வந்த மாதங்களிலும் குடிக்காத நாட்கள் கூடின. ஆனால் அடிக்கடி குடித்துக்கொண்டே இருந்தவர்களிடம் நன்றியுணர்வு அதிகமிருந்தால் விளைவு நேர்மாறாக இருந்தது.

முதலில் படிக்கும்போது குழப்பமாக இருக்கும். நம் ஊரில் குடிநோயாளிகளோடு பழகியவர்களுக்கு அவ்வளவு ஆச்சரியம் இருக்காது. "என்ன குறைச்சல்? வேலை இருக்கு, பொண்டாட்டி சோறு போடுறா, சாமி நம்மள நல்லாத்தான் வச்சிருக்கு" என்று திருப்தியோடு குடிப்பவர் எவ்வளவு பேர்! இருக்கும் நிலைமைக்கு நன்றி சொல்பவருக்கு அதை மாற்ற என்ன அவசரம்? அது சின்ன ஆய்வுதான், முடிந்த முடிவு இல்லை. ஆனால் நடைமுறைக்கு ஒரு விஷயம் தெளிவு: முதலில் பாட்டில் கீழே இறங்க வேண்டும், நோட்டு அதற்குப் பிறகு. குடித்துக்கொண்டே எழுதும் நன்றிப் பட்டியலால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இனி நோட்டு. எண்பது பக்க நோட்டு ஒன்று போதும். அழகான டைரி வேண்டாம்; அதில் அழகாகத்தான் எழுத வேண்டும் என்று தோன்றும், பிறகு எழுதவே தோன்றாது. சிகிச்சையின் இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில் தொடங்கலாம். ஒரு நாளைக்கு மூன்று விஷயம், பத்து நிமிடம். நேற்று இதே நேரத்திலிருந்து இந்த நேரம் வரைக்கும் நடந்ததை மட்டுமே எழுத வேண்டும்.

இந்தக் கடைசி விதியைத்தான் எல்லாரும் மீறுவார்கள். முதல் நாள் நோட்டில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "குடும்பம். ஆரோக்கியம். கடவுள்." இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் நோட்டு அலமாரிக்கு மேலே போய்விடும். ஒரு கொத்தனார் என்று வைத்துக்கொள்வோம், குடியை விட்டு 20 நாள். அவர் நோட்டில் இருக்க வேண்டியது இது மாதிரி:

"காலையில் தூக்கக் கலக்கம், கண் செருகியது. மேஸ்திரி பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. சாரத்தில் ஏற வேண்டாம், கீழே கலவை பார்த்துக்கொள் என்றார். ஏறியிருந்தால் விழுந்திருப்பேன். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நேரே கடைக்குத்தான் போயிருப்பேன். நாளை அவர் வருவதற்கு முன்னால் போய்ச் சாந்துச்சட்டிகளைக் கழுவி வைக்கணும்."

இதில் மூன்று பகுதி இருக்கிறது. யார், எப்போது, என்ன செய்தார் என்பது முதல் பகுதி. அது நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அடுத்தது. நல்லது நடந்ததை நினைப்பதைவிட, அது நடக்காமலே போயிருந்தால் என்று நினைப்பது மனதை அதிகம் தொடுகிறது என்று 2008இல் ஒரு ஆய்வு காட்டியது. குடிநோயிலிருந்து மீள்பவருக்கு அந்த "நடக்காமல் போயிருந்தால்" எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்பது கைவிரல் மாதிரி தெரியும். அதனால் அந்த வரி தானாகவே கூர்மையாக வரும். மூன்றாவது பகுதி, நாளைக்கு நான் செய்யப்போகும் ஒரு சின்ன காரியம். மூன்று விஷயத்துக்கும் காரியம் எழுதத் தேவையில்லை, ஒன்றுக்கு இருந்தால் போதும். காசு செலவாகாததாக, பதினைந்து நிமிடத்துக்குள் முடிவதாக இருக்கட்டும்.

மனிதர்தான் வேண்டும் என்றில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது, மூன்று மணி வரை தொடர்ந்து தூங்கியது, ரசம் புளிப்பாக இருந்தது நாக்குக்குத் தெரிந்தது, எல்லாம் எழுதலாம். நாக்குக்கு ருசி திரும்பியது சின்ன விஷயமில்லை. அந்தத் தேதியைக் குறித்து வைத்தால், "நான் தேறவே இல்லை" என்று தோன்றும் நாளில் எடுத்துப் பார்க்கலாம்.

எழுதப் படிக்க வராதவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக ஸ்பான்சருக்கோ (ஏஏவில் புதியவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்) ஆலோசகருக்கோ அனுப்பலாம். ஆனால் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, "நான் சொல்றேன், நீ எழுது கண்ணு" என்று மட்டும் வேண்டாம். பார்க்க நெகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் பத்து வயதுப் பிள்ளை அப்பாவின் நிதானத்துக்குக் காவல்காரனாகிவிடும். ஒரு நாள் அப்பா எழுத வராவிட்டால் அந்தப் பிள்ளை இரவு முழுக்கத் தூங்காது.

முதல் இரண்டு வாரம் தினமும் எழுதுவது பழக்கம் படிவதற்காக. பிறகு வாரம் மூன்று நாள், மூன்று மாதம் தாண்டியதும் வாரம் ஒரு நாள் என்று குறைத்துக்கொள்வது நல்லது. தினமும் எழுதினால் கை எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும். வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குக் கிடைத்த பலன் வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவும் கண்டிருக்கிறது. ஆனால் ஆபத்தான நாட்களில், அதாவது கல்யாணம், சாவு, தீபாவளி, சம்பள நாளில், கணக்குப் பார்க்காமல் எழுத வேண்டும்.

நேரம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புத்தகங்களில் காலை எழுந்ததும் என்றோ படுக்கப்போகும் முன் என்றோ இருக்கும். குடியிலிருந்து மீள்பவருக்கு அதைவிட முக்கியம், அவர் வழக்கமாகக் குடிக்கத் தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால். தமிழ்நாட்டில் டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வேலைக்குப் போகும் பெரும்பாலானோருக்கு ஆபத்து நேரம் மாலை ஆறிலிருந்து எட்டு. உடம்புக்கு அந்த நேரம் பழகியிருக்கிறது. கடிகாரம் பார்க்காமலே வாய் ஊறும். அந்த வேட்கை ஓர் அலையாக எழும்பி, பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும். அந்த அரை மணியைக் கடத்துவதற்குக் கையில் ஒரு வேலை வேண்டும். நோட்டு அதற்குத்தான் முதலில் உதவுகிறது.

ஆனால் வெறும் வயிற்றோடு எழுத உட்காரக் கூடாது. பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கையும் ஏஏகாரர்கள் ஒன்றாகவே சொல்வார்கள். இந்த நான்கில் எது இருந்தாலும் குடிநினைப்பு பலமடையும். சுண்டலோ வாழைப்பழமோ ஏதாவது சாப்பிட்டு, டீ குடித்து, கைகால் கழுவிவிட்டு உட்கார வேண்டும். பசியை நன்றி போக்காது. அதே மாதிரி சனிக்கிழமை கூலிப் பணத்தையும் நோட்டு காப்பாற்றாது. கூலியை வங்கிக் கணக்குக்கு வாங்குவது, கடை இல்லாத தெரு வழியாக வருவது, முடிந்தால் கூட ஒருவர் வருவது எல்லாம் தனியாகச் செய்தாக வேண்டிய ஏற்பாடுகள்.

எங்கே தப்பாகிறது என்பதில்தான் சரக்கே இருக்கிறது (இந்தச் சொல்லை மன்னிக்கவும்).

முதல் தப்பு, நன்றி குற்ற உணர்ச்சியாக மாறுவது. "என் பொண்டாட்டி பத்து வருஷம் சகிச்சுக்கிட்டா, அவ தாலியை அடகு வச்சேன், நான் ஒரு பாவி" என்று எழுதினால் அதற்குப் பெயர் நன்றிக் குறிப்பில்லை, தண்டனை. அப்படி இரண்டு பக்கம் எழுதி முடித்தவருக்கு அடுத்துத் தேவைப்படுவது மறக்க ஒரு குவாட்டர்தான். குற்ற உணர்ச்சிக்கு ஏஏயின் பன்னிரண்டு படிகளில் எட்டாவதும் ஒன்பதாவதும் இருக்கின்றன: யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியலிடுவது, பிறகு அவர்களுக்கோ வேறு யாருக்கோ புதிய காயம் வராதபடி ஈடுசெய்வது. அதை ஸ்பான்சரோடு உட்கார்ந்து, நேரம் வரும்போது செய்ய வேண்டும். தாலியைப் பற்றி எழுதத் தோன்றினால் நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் எழுதி மூடிவிட்டு, முன்பக்கத்தில் இன்றைக்கு நடந்ததை மட்டும் எழுதலாம்.

இரண்டாவது, அடுத்தவர் கேட்டைப் பார்த்து நம் நன்மையை அளப்பது. "பக்கத்து பெட்காரன் லிவர் போய்ச் செத்தான், நான் உயிரோட இருக்கேன்." இது பயம். பயம் இரண்டு மாதம் வேலை செய்யும், பிறகு மங்கிவிடும். கூடவே, "அவன் அளவுக்கு நான் குடிக்கலையே" என்ற கணக்கும் உள்ளே நுழையும்.

மூன்றாவதுதான் நம் ஊருக்கே உரிய கண்ணி, இதை எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் இவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை: கூடக் குடித்தவருக்குப் பட்ட நன்றிக்கடன். ஆஸ்பத்திரியில் சேர்க்க ஆட்டோ பிடித்தது அவர்தான். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டப் பணம் கொடுத்தது அவர்தான். அவர் கூப்பிட்டு, "என்ன மாப்ள, ரொம்ப மாறிட்ட, ஒரே ஒரு கட்டிங், எனக்காக" என்றால் மறுக்க வாய் வராது. நன்றி கெட்டவன் என்ற பேச்சுக்குப் பயந்து குடித்தவர்கள் ஆசைப்பட்டுக் குடித்தவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. அவருக்கு நன்றி காட்டத்தான் வேண்டும். ஆனால் இடத்தையும் நேரத்தையும் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு அவர் வீட்டுக்கே போய், அவர் வீட்டார் முன்னால், "அன்னைக்கு நீங்க செஞ்சத மறக்க மாட்டேண்ணே" என்று சொல்லலாம். வாங்கிய பணத்தில் ஐந்நூறாவது திருப்பிக் கொடுக்கலாம். "சாயங்காலம் மட்டும் கூப்பிடாதீங்க, எனக்கு உடம்புக்கு ஆகாது" என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம். பாரில் போய் நன்றி சொல்லத் தேவையில்லை.

நான்காவது, அளவு மீறிய உற்சாகம். ஒன்றரை, இரண்டு மாதத்தில் சிலருக்கு உலகமே வெளிச்சமாகத் தெரியும். எல்லாருக்கும் நன்றி, எல்லாரையும் கட்டிப்பிடி. கடன் வாங்கி மனைவிக்கு நகை எடுப்பது, ஊரைக் கூட்டிக் கறிவிருந்து போடுவது, "எனக்குச் சரியாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்துவது எல்லாம் இந்தக் கட்டத்தில் நடக்கும். சபரிமலைக்கு மாலை போட்டு விரதம் முழுக்கச் சுத்தமாக இருந்துவிட்டு, மாலை கழற்றிய அன்றே கடைக்குப் போவதும் இதற்குச் சொந்தக்காரன்தான். சாமிக்குச் சொன்ன நன்றி முடிந்த தேதியில் ஒப்பந்தமும் முடிந்துவிடுகிறது. மாலை போடுவது தப்பில்லை. கழற்றும் நாளைக்கு அடுத்த நாள் எந்தக் கூட்டத்துக்குப் போவது என்பதை மாலை போடும் அன்றே முடிவு செய்துகொண்டால் போதும்.

வீட்டு ஆட்களுக்கு நன்றி சொல்வதில் தனிச் சங்கடம் இருக்கிறது. மனைவியைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து நன்றி என்று நேருக்கு நேர் சொல்லும் வழக்கம் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. திடீரென்று சொன்னால், "என்ன, குடிச்சிருக்கீங்களா?" என்றுதான் கேள்வி வரும். சரியான கேள்விதான். குடித்துவிட்டு அழுதுகொண்டே காலில் விழுந்து சொன்ன நன்றியையும் சத்தியத்தையும் அந்தப் பெண் நூறு முறை கேட்டிருக்கிறார். அதனால் முதல் ஆறு மாதம் சொல்லை ஒதுக்கிவிட்டுக் காரியத்தில் இறங்குவதுதான் புத்திசாலித்தனம். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைப்பது, ரேஷன் கடைக்குப் போய்வருவது, சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வருவது, வரத் தாமதமானால் போன் செய்வது. செய்ததைச் சொல்லிக் காட்டவும் கூடாது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால் ஒரே ஒரு காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்லலாம்: "நேத்து நான் எரிஞ்சு விழுந்தப்ப நீ பதில் பேசாம இருந்த. அதனாலதான் நான் வெளியே போகாம இருந்தேன்." அதோடு நிறுத்திவிட வேண்டும். அவர் பதிலுக்கு எதுவும் சொல்லாவிட்டால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம்பிக்கை திரும்பும் வேகத்தை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

குடும்பத்துக்கும் ஒன்று: "உனக்காக நாங்க இவ்வளவு செஞ்சோம், நன்றியோட இரு" என்று வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டினால் பலன் தலைகீழாகும். உங்கள் கோபத்துக்கும் களைப்புக்கும் வேறு இடம் வேண்டும். 1951இல் தொடங்கிய அல்-அனான் என்ற அமைப்பு குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காகவே இருக்கிறது. 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற மையங்களும் நோயாளிக்குச் சிகிச்சை கொடுப்பதோடு குடும்பத்தினரையும் உட்காரவைத்துப் பேசுகின்றன. நன்றி சொல்லும் பொறுப்பு உங்களுக்கும் இருக்கிறது என்று யாராவது அறிவுரை சொன்னால், அடி வாங்கிய நீங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

நோட்டைத் தாண்டிய அடுத்த கட்டம், நன்றியை வேறு யாருக்கோ திருப்புவது. 1935 மே மாதம், குடியை விட்டுச் சில மாதமே ஆன பில் வில்சன் என்ற நியூயார்க்காரர் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் வியாபாரம் படுத்து ஒரு ஹோட்டலில் தனியாக நின்றார். பக்கத்திலேயே பார். உள்ளே போகாமல், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேடிப் போன் மேல் போன் போட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். அந்தச் சந்திப்பிலிருந்துதான் ஏஏ பிறந்தது. பாபைத் திருத்த அவர் போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார். இன்றைக்கும் கூட்டங்களில் நாற்காலி எடுத்துப் போடுவது, டீ போடுவது, புதிதாக வந்தவருக்கு மறுநாள் போன் செய்து "இன்னைக்கு மட்டும் பார்த்துக்கலாம்ணே" என்பது, எல்லாம் அந்த வழிதான். மூன்று மாதம் ஆனவர் டீ போடலாம். புதியவரை மீட்கும் பொறுப்பைத் தனியாக ஏற்க அது போதாது. இரவில் குடித்திருப்பவரைக் கூட்டிவரத் தனியாகக் கிளம்பக் கூடாது. நீண்ட நாள் நிதானத்தில் இருக்கும் ஒருவர் கூட வர வேண்டும்.

சறுக்கினால்? பலர் சறுக்குகிறார்கள். முதலில் நோட்டைக் கிழிக்காமல் இருக்க வேண்டும். குடித்த அன்று எழுதவும் வேண்டாம். திரும்பத் தினமும் குடிக்கும் அளவுக்குப் போயிருந்தால், தானாக நிறுத்தப் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். வலிப்பு ஆபத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446 இருக்கிறது. நிதானம் திரும்பிய பிறகு, சறுக்கலுக்கு முந்தைய பத்துப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் அங்கே தடயம் இருக்கும்: மூன்று விஷயம் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, மனிதர் பெயரே வராத நாட்கள் தொடர்ந்திருக்கும், அல்லது ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அந்தப் பக்கங்களை ஆலோசகரிடம் அப்படியே நீட்டலாம். அடுத்த குறிப்பைப் புதுப் பக்கத்தில், தேதி போட்டு, "குடித்துவிட்டேன் என்று முதலில் யாரிடம் சொன்னேன், அவர் என்ன செய்தார்" என்பதிலிருந்து தொடங்கலாம்.